காசோலை ஸ்கேனர் தகராறு செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

காசோலை ஸ்கேனர் கோளாறு என்று அழைப்பவர்களில் பலர், அதற்குள் டிரைவரை, அதாவது ஸ்கேனரைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளை, இரண்டு முறை நீக்கி மறுபடி நிறுவி முடித்திருப்பார்கள். மூடியைத் திறந்து உள்ளே என்ன கிடக்கிறது என்று பார்த்தவர்கள் அரிது. வங்கிக் கிளையின் கவுன்டரில் இருக்கும் பெரிய கருவியானாலும் சரி, தன் அலுவலகத்திலிருந்தே காசோலைகளைப் படமாக வங்கிக்கு அனுப்பும் நிறுவனத்தின் சிறிய கருவியானாலும் சரி, திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றை அறிகுறி வாரியாகப் பிரித்து, காசு செலவில்லாத காரணத்தில் தொடங்கி, கருவியைப் பழுதுக்கு அனுப்ப வேண்டிய காரணம் வரை எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## எதையும் தொடுவதற்கு முன்: காகிதமா, கருவியா?

கசங்காத, ரத்து செய்யப்பட்ட காசோலைகள் ஐந்தாறு எடுத்து ஓர் உறையில் போட்டு ஸ்கேனர் பக்கத்திலேயே வைத்திருங்கள். வெவ்வேறு வங்கிகளுடையவையாக இருப்பது நல்லது. இதுதான் உங்கள் சோதனைக் கட்டு. கோளாறு தோன்றியதும் முதலில் இவற்றை ஓட்டுங்கள். இவை ஒழுங்காகப் போனால் கருவியில் குறையில்லை, கையில் இருக்கும் காசோலைகளில்தான் சிக்கல். இவையும் தடுமாறினால் கருவிப் பக்கம் பாருங்கள். இந்த ஒரு சோதனையிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு. சோதனையை ஸ்கேனருடன் வந்த சோதனை மென்பொருளில் மட்டும் செய்யுங்கள். வங்கிக்குப் போகும் நேரடித் தொகுப்பில், அதாவது ஒன்றாகச் சேர்த்து அனுப்பும் காசோலைகளின் கட்டில், செய்யாதீர்கள். சோதனைக்காக ஓட்டிய காசோலை தவறுதலாகக் கிளியரிங்குக்கு (வங்கிகள் தங்களுக்குள் பணம் தீர்க்கும் முறைக்கு) போனால், ஸ்கேனர் கோளாறு கணக்குக் கோளாறாகிவிடும்.

நேற்று வரை நன்றாக இருந்த கருவி இன்று தகராறு செய்கிறது என்றால், இடையில் என்ன மாறியது என்று கேளுங்கள். கணினி இரவில் தானாகப் புதுப்பித்துக்கொண்டதா, மேசை இடம் மாறியதா, புதிய வாடிக்கையாளரின் காசோலைகள் வந்தனவா? பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும்.

## அறிகுறி: கணினிக்கு ஸ்கேனர் தெரியவில்லை

விளக்கே எரியவில்லை. பெரும்பாலான காசோலை ஸ்கேனர்களுக்குத் தனி மின் அடாப்டர் உண்டு. மோட்டார், இரண்டு பட உணரிகள், முத்திரை அச்சிடும் பகுதி எல்லாவற்றுக்கும் யுஎஸ்பி கேபிள் வழியே வரும் மின்சாரம் போதாது. அடாப்டர் செருகியைக் கழற்றி மறுபடி செருகுங்கள். பக்கத்து மேசையில் இருந்த வேறு கருவியின் அடாப்டரைச் செருகியிருந்தால், முனை பொருந்தினாலும் வோல்ட் அளவு பொருந்தாமல் இருக்கலாம். இரண்டின் மேலும் அச்சிட்டிருப்பதை ஒப்பிடுங்கள்.

விளக்கு எரிகிறது, மென்பொருளில் மட்டும் தெரியவில்லை. யுஎஸ்பி ஹப் இருந்தால் அதை விலக்கிவிட்டுக் கணினியில் நேரடியாகச் செருகுங்கள். அடுத்து, வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். ஸ்கேனரைப் பயன்படுத்தும் இன்னொரு மென்பொருள் பின்னணியில் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளுக்குத்தான் ஸ்கேனர் கிடைக்கும். சோதனை மென்பொருளை மூட மறந்துவிட்டு வங்கியின் பக்கத்தைத் திறப்பது தினமும் நடக்கும் கதை.

காலையில் வேலை செய்கிறது, சிறிது நேரம் சும்மா இருந்தால் மறைந்துவிடுகிறது. கணினியின் மின்சிக்கன அமைப்பு யுஎஸ்பி முனையை உறங்க வைக்கிறது. அந்த முனைக்கு மட்டும் அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள்.

சோதனை மென்பொருளில் வேலை செய்கிறது, வங்கியின் இணையப் பக்கத்தில் இல்லை. இது கருவியின் குறை அல்ல. பல வங்கிகளின் பக்கங்கள் உங்கள் கணினியில் ஓடும் ஒரு சிறிய சேவை நிரல் வழியாகத்தான் ஸ்கேனருடன் பேசுகின்றன. அந்த நிரல் நின்றிருக்கலாம், அதன் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகியிருக்கலாம், உலாவியின் புதிய பதிப்பு அதைத் தடுத்திருக்கலாம். கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டும் தீராவிட்டால் வங்கியின் உதவி மையத்தை அழையுங்கள். ஸ்கேனர் தயாரிப்பாளரை அழைப்பதில் பயனில்லை.

டிரைவரை மறுபடி நிறுவுவது இதற்கெல்லாம் பிறகுதான். நிறுவும்போது யுஎஸ்பி கேபிளைக் கழற்றி வையுங்கள், நிறுவல் கேட்கும்போது செருகுங்கள். வேறொரு கணினியில், வேறொரு கேபிளில், சரியான அடாப்டருடனும் ஸ்கேனர் தெரியவில்லை என்றால் உள்ளே சர்க்யூட் பலகை போயிருக்கிறது. அது தொழில்நுட்பர் பார்க்க வேண்டிய வேலை.

## அறிகுறி: எம்ஐசிஆர் வரி படிக்கப்படவில்லை

எம்ஐசிஆர் வரி என்பது காசோலையின் அடிவரி, காந்த மையில் அச்சிடப்படுவது. ஸ்கேனருக்குள் ஒரு சிறு காந்தம் அந்த மையை உசுப்பிவிட, அதை அடுத்துள்ள தலை எழுத்துகளை வலமிருந்து இடமாகப் படித்துக்கொண்டு போகிறது. படிக்க முடியாத எழுத்துக்குக் கேள்விக்குறியோ ஆச்சரியக்குறியோ மென்பொருளுக்கேற்ப வேறொரு குறியோ வரும். அந்தக் குறி எங்கே வருகிறது என்பதுதான் துப்பு.

### ஒரே ஒரு காசோலை மட்டும்

காசோலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடி விளிம்பிலிருந்து சுமார் 16 மில்லிமீட்டர் உயரத்துக்கு எதுவும் எழுதப்படாமல் இருக்க வேண்டிய பட்டை இருக்கிறது. கையெழுத்தின் வால் அதற்குள் இறங்கியிருக்கும், ரப்பர் முத்திரை விழுந்திருக்கும், சரியாக அந்த இடத்தில் மடிப்பு விழுந்திருக்கும். மடிப்பை விரலால் நீவிவிட்டு ஒருமுறை மறுபடி ஓட்டலாம். அதற்கு மேல் முயற்சி வேண்டாம். விடுபட்ட இலக்கங்களைப் படத்தைப் பார்த்துக் கையால் உள்ளிடுங்கள். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் கிழியும் வாய்ப்பு கூடுகிறது, தொகுப்பில் இரண்டு தடவை பதியும் வாய்ப்பும் கூடுகிறது.

### ஒரே நிறுவனத்தின் காசோலைகள் மட்டும்

தங்கள் அலுவலக லேசர் பிரிண்டரிலேயே காசோலை அச்சிடும் நிறுவனங்கள் உண்டு. அவர்கள் காந்த டோனருக்குப் பதில் சாதாரண டோனரைப் போட்டுவிட்டால், கண்ணுக்கு எழுத்து துல்லியமாக இருக்கும், காந்தத் தலைக்கோ வெற்றுக் காகிதமாகத் தெரியும். இன்னொரு வாய்ப்பு, அச்சு மேலேயோ கீழேயோ நகர்ந்திருப்பது. நல்ல காசோலை ஒன்றை மேலே வைத்து அடி விளிம்பைச் சமமாக்கி வெளிச்சத்தில் பிடித்தால், எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்று விழுகின்றனவா என்று தெரிந்துவிடும். இதற்குத் தீர்வு உங்கள் கையில் இல்லை. அந்த நிறுவனத்துக்குச் சொல்லி அனுப்புவதுதான் வழி.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. ஸ்கேனர் படத்திலிருந்தும் எழுத்தைப் படிக்கும், அதாவது ஓசிஆர் முறையில். காந்தத்தில் ஒன்றுமே வரவில்லை, படத்தில் மட்டும் வரி முழுதாக வருகிறது என்றால் அது வெறும் டோனர் தவறாகவும் இருக்கலாம், நகலெடுத்த போலிக் காசோலையாகவும் இருக்கலாம். தெரியாதவர் கொடுத்த, பெரிய தொகைக் காசோலையில் இது நேர்ந்தால், கையால் இலக்கங்களைத் தட்டி அனுப்பிவிடாதீர்கள். மேலதிகாரியிடம் காட்டுங்கள்.

### எல்லாக் காசோலைகளிலும், அங்கொன்றும் இங்கொன்றுமாக

முதலில் மேசையைப் பாருங்கள். ஸ்பீக்கர், கைப்பேசி, மின் அடாப்டர், யுபிஎஸ் பெட்டி இவற்றில் ஏதாவது ஸ்கேனரை ஒட்டி இருக்கிறதா? அரை மீட்டர் தள்ளி வைத்துவிட்டுச் சோதனைக் கட்டை ஓட்டுங்கள்.

மாறவில்லையா, மின் இணைப்பைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்து காந்தத் தலையைப் பாருங்கள். காகிதம் உரசும் பக்கத்தில் பளபளவென்று சிறிய சதுரமாக இருக்கும். அதற்கு முன்னால் உள்ள காந்தத்தில் ஸ்டேப்ளர் பின்னின் உடைந்த துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். எள்ளில் பாதிதான் இருக்கும். அது கிடக்கும்வரை ஒவ்வொரு காசோலையிலும் வெவ்வேறு இடத்தில் எழுத்து விழுங்கப்பட்டது. எடுத்ததும் சரியாகிவிட்டது. உலோக இடுக்கியால் நோண்டித் தலையைக் கீறிவிடாதீர்கள், ஒட்டும் நாடாவின் முனையால் தொட்டு எடுங்கள்.

துணுக்கு இல்லையென்றால் துடைக்கும் முறை. தயாரிப்பாளர் தரும் துப்புரவு அட்டை, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்தது, கடைகளில் கிடைக்கும். அதை இரண்டு முறை ஓட்டி, உலரவிட்டுப் பிறகு சோதியுங்கள்.

### எல்லாக் காசோலைகளிலும், எல்லா எழுத்தும்

காசோலையைத் திருப்பி வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் முதல் சந்தேகம். சிரிக்க வேண்டாம், புதிய ஊழியர் உட்காரும் முதல் வாரத்தில் இது நிச்சயம். அடுத்தது எழுத்துரு அமைப்பு. இந்தியா, அமெரிக்கா, கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளின் காசோலைகளில் இ-13பி எழுத்துரு, பத்து இலக்கங்களும் நான்கு குறிகளும் கொண்டது. பிரான்ஸ், ஸ்பெயின், பிரேசில் போன்ற நாடுகளில் சிஎம்சி-7. இதில் ஒவ்வோர் எழுத்தும் ஏழு செங்குத்துக் கோடுகளால் ஆனது. டிரைவரை மறுபடி நிறுவும்போது இந்த அமைப்பு தொழிற்சாலை நிலைக்குப் போய்விடலாம். அப்படிப் போனால் ஓர் எழுத்துகூட வராது.

இரண்டும் சரி, துடைத்தும் ஆயிற்று, இன்னும் ஒன்றும் வரவில்லை என்றால் தலை தேய்ந்திருக்கிறது, அல்லது காகிதத்தைத் தலையோடு அழுத்திப் பிடிக்கும் சுருள்வில் தளர்ந்திருக்கிறது. இரண்டையும் நீங்கள் தொடக்கூடாது. அழுத்தம் கூடினால் தலை விரைவில் தேயும், குறைந்தால் படிக்காது. அளவு வைத்துச் சரிசெய்யும் கருவி தொழில்நுட்பரிடம்தான் இருக்கும்.

### படிக்கிறது, ஆனால் தப்பாகப் படிக்கிறது

இதுதான் இருப்பதில் மோசமானது. படிக்க முடியவில்லை என்று நின்றுவிடும் கருவி நம்மிடம் உதவி கேட்கிறது. தவறான இலக்கத்தை உறுதியாகச் சொல்லும் கருவி பணத்தை வேறு கணக்கைத் தேடி அனுப்பிவிடும். அமெரிக்காவின் ஒன்பது இலக்க வங்கி எண்ணில் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம், அதனால் ஒரு இலக்கம் மாறினாலும் மென்பொருள் பிடித்துவிடும். இந்திய எம்ஐசிஆர் குறியீட்டிலோ ஒன்பது இலக்கமும் நகரம், வங்கி, கிளை என்று மும்மூன்றாகப் போய்விடுகின்றன. சரிபார்ப்பு இலக்கத்துக்கு இடமில்லை. கணக்கு எண், காசோலை எண் இவற்றுக்கும் அதே கதை. ஆகவே சோதனைக் கட்டில் ஒரே ஓர் இலக்கம் மாறி வந்தாலும் அந்தக் கருவியில் நேரடி வேலையை நிறுத்திவிட்டுப் பழுதுபார்ப்பவரை அழையுங்கள். துடைத்துப் பார்த்துவிட்டுத் தொடரலாம் என்ற சலுகை இதற்குக் கிடையாது.

## அறிகுறி: இரண்டு காசோலைகள் சேர்ந்து உள்ளே போகின்றன

கட்டை எடுத்து விசிறிபோல் விரித்து, காற்று உள்ளே போகவிட்டு, அடி விளிம்பையும் முன் விளிம்பையும் மேசையில் தட்டிச் சமப்படுத்துங்கள். குளிர்சாதன அறையில் காகிதம் உலர்ந்து நிலைமின்னால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இந்த ஒரு பழக்கமே பெரும்பாலான இரட்டை இழுப்புகளை நிறுத்திவிடும். ஸ்டேப்ளர் பின் இருந்த காசோலைகளில் துளையின் முரட்டு விளிம்பு அடுத்த தாளைக் கொக்கிபோட்டு இழுக்கும். நகத்தால் அழுத்திவிடுங்கள். ஊட்டும் தட்டின் கொள்ளளவுக்கு மேல் திணிக்காதீர்கள்.

இதற்கும் கேட்காவிட்டால் தாள்களைப் பிரிக்கும் ரப்பர் உருளையைத் தொட்டுப் பாருங்கள். சொரசொரப்பு போய்க் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. ஆல்கஹால் கொண்டு துடைத்தால் சில நாள் ஓடும், அதுவும் கையேடு அனுமதித்தால் மட்டும். சில உருளைகளுக்குத் தண்ணீரில் நனைத்த துணிதான் சொல்லப்பட்டிருக்கும். எண்ணெய் எந்தக் காரணத்துக்காகவும் போடக்கூடாது. உருளையைப் பல மாடல்களில் கழற்றி மாட்டுவது எளிது, பயனரே செய்யலாம்.

ஒரே தாளை இரண்டு என்று சொல்லி நிறுத்துகிறது. தாள்களுக்கு இடையே காற்று இருக்கிறதா என்று மீயொலியால் பார்க்கும் உணரி பல கருவிகளில் உண்டு. ஒட்டுநாடா போட்ட காசோலை, ஒட்டுத்தாள் ஒட்டிய காசோலை, முனை மடிந்த காசோலை மூன்றும் அதற்கு இரண்டு தாளாகவே படும். மடிப்பை நீக்குங்கள், ஒட்டுத்தாளை எடுங்கள், பிறகு அந்த ஒன்றை மட்டும் தனியாக ஓட்டுங்கள். எரிச்சலில் உணரியையே அமைப்பில் அணைத்துவைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் நிஜமாகவே இரண்டு போகும் நாளில் பின்னால் இருக்கும் காசோலை படமே இல்லாமல் போய்ச் சேரும், அதைத் தேடி ஒரு மாலைப்பொழுது போகும்.

## அறிகுறி: காகிதம் சிக்குகிறது, சாய்கிறது

சிக்கிய காசோலையை அவசரத்தில் பின்னோக்கி இழுக்காதீர்கள். மூடியைத் திறந்து, அது போகும் திசையிலேயே மெல்ல எடுங்கள். கிழிந்த துண்டு உள்ளே தங்கியிருக்கிறதா என்று காசோலையை மேசையில் வைத்து முழுதாக இருக்கிறதா பாருங்கள். ஒரு முனை காணோம் என்றால் அது உள்ளேதான் இருக்கிறது, அடுத்த சிக்கலுக்குக் காத்திருக்கிறது.

எப்போதும் ஒரே இடத்தில் சிக்கினால் அங்கே தூசியோ பசையோ ஏதாவது இருக்கும். வெவ்வேறு இடங்களில் சிக்கினால் காகிதத்தின் ஈரப்பதத்தையும் சுருளையும் சந்தேகியுங்கள். படம் சாய்ந்து வருவது பெரும்பாலும் கட்டைச் சமப்படுத்தாததால்தான். சமப்படுத்தியும் ஒரே கோணத்தில் சாய்ந்தால் ஓர் உருளை மட்டும் தேய்ந்திருக்கும்.

அழுத்தக் காற்றுக் குப்பியைக் கொண்டு ஊதும்போது திசை முக்கியம். வெளியிலிருந்து உள்ளே ஊதினால் தூசியை உணரிகளுக்குள் நீங்களே தள்ளிவிடுகிறீர்கள்.

## அறிகுறி: படத்தில் நீளமாக ஒரு கோடு

காசோலை நகர, உணரி அசையாமல் நின்றபடி படமெடுக்கிறது. அதனால் கண்ணாடியில் ஒரு புள்ளி அழுக்கு இருந்தாலும் படத்தில் அது இடமிருந்து வலம் வரை முழுக் கோடாக வரும். அழுக்கு எங்கே என்று கண்டுபிடிப்பது சுலபம். கோடு படத்தின் எந்த உயரத்தில் இருக்கிறதோ, கண்ணாடியிலும் அதே உயரத்தில் தேடுங்கள். முன்பக்கப் படத்தில் கோடு இருந்தால் முன்பக்கக் கண்ணாடி, பின்பக்கத்தில் இருந்தால் பின்பக்கக் கண்ணாடி.

பார்ப்பதற்கு அற்பமாகத் தெரிந்தாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். கோடு தொகைக் கட்டத்தின் வழியே ஓடினால், எழுதிய தொகையை யாரோ அடித்துவிட்டதுபோல் படத்தில் தெரியும். பணம் கொடுக்க வேண்டிய வங்கியில் இருப்பவருக்கு அசல் காசோலை கிடையாது, இந்தப் படம்தான் எல்லாம். அவர் திருப்பி அனுப்பினால் அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது.

பஞ்சு நூல் விடாத துணியில் ஆல்கஹாலைத் தொட்டு, கண்ணாடியை மேலிருந்து கீழாகத் துடையுங்கள். திரவத்தை நேரடியாகக் கண்ணாடிமேல் ஊற்றவோ தெளிக்கவோ கூடாது. காய்ந்த பேனா மையும் திருத்தும் வெள்ளை மையும் ஒரே துடைப்பில் போகாது, துணியைச் சில நொடி அழுத்திப் பிடித்திருந்து துடையுங்கள். துடைத்த பிறகும் அதே இடத்தில் கோடு இருந்தால் கண்ணாடி கீறியிருக்கிறது அல்லது உணரியில் ஒரு புள்ளி செத்திருக்கிறது. உணரியை மாற்றும் செலவைக் கேட்டுவிட்டு, கருவியின் வயதையும் எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள். பழைய கருவிக்கு உணரி மாற்றுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

## அறிகுறி: படம் நன்றாக இருக்கிறது, வங்கி மட்டும் ஏற்கவில்லை

ஏற்க மறுப்பது மனிதர் அல்லர், படத்தின் தரத்தைச் சோதிக்கும் மென்பொருள். படம் மிக இருட்டாக இருக்கிறதா, மிக வெளிறியிருக்கிறதா, முனை மடிந்திருக்கிறதா, கிழிந்திருக்கிறதா, அளவுக்கு மீறிச் சாய்ந்திருக்கிறதா, கோப்பு மிகச் சிறிதாகவோ பெரிதாகவோ இருக்கிறதா, முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நீளம்தானா என்றெல்லாம் அது பார்க்கும். மறுப்புச் செய்தியில் இவற்றில் எது என்று இருக்கும், அதை முதலில் படியுங்கள்.

கருப்பு வெள்ளைப் படம் கருத்துப்போய் வருவதற்குப் பெரும்பாலும் காசோலையின் பின்னணி ஓவியம்தான் காரணம். மலர், கட்டடம், அலைக்கோடுகள் எல்லாம் சேர்ந்து கையெழுத்தை விழுங்கிவிடும். நீலப் பேனாவில் மெலிதாக எழுதியது மறையும். மென்பொருளில் இருட்டு அளவைச் சரிசெய்யலாம், ஆனால் ஒரு காசோலைக்காக மாற்றிவிட்டு அப்படியே விட்டுவிட்டால் மற்றவை கெடும்.

எல்லாப் படங்களும் ஒட்டுமொத்தமாக மறுக்கப்பட்டால் அமைப்பைப் பாருங்கள். நாட்டுக்கு நாடு விதி வேறு. காசோலைத் தாளுக்குப் பதில் அதன் படத்தை அனுப்பும் இந்தியாவின் சிடிஎஸ் முறையில் முன்பக்கத்துக்குச் சாம்பல் நிறப் படம் ஒன்று 100 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) அளவிலும், கருப்பு வெள்ளைப் படம் ஒன்று 200 டிபிஐ அளவிலும், பின்பக்கத்துக்குக் கருப்பு வெள்ளை 200 டிபிஐ அளவிலும் வேண்டும். அமெரிக்காவில் கருப்பு வெள்ளைப் படம் 200 அல்லது 240 டிபிஐ. டிரைவர் மறுநிறுவலில் இந்த எண்கள் மாறிவிட்டால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, மென்பொருளுக்கு எல்லாமே தவறு.

## அறிகுறி: தொகையைத் தப்பாகப் படிக்கிறது

இது ஸ்கேனரின் வேலை அல்ல, மென்பொருளின் வேலை. எண்ணில் எழுதிய தொகையையும் எழுத்தில் எழுதிய தொகையையும் ஒப்பிட முயலும், கையெழுத்து கிறுக்கலாக இருந்தால் தோற்கும். திருத்திவிட்டு மேலே போங்கள். எல்லாக் காசோலைகளிலும் தவறு வந்தால்தான் கோடு, இருட்டு, சாய்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

தொகுப்பின் மொத்தம் பொருந்தவில்லை என்றால் வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். கணக்கர்களுக்குப் பழகிய இந்த உத்தி இங்கேயும் உதவும். வித்தியாசம் ஒரு காசோலையின் தொகைக்குச் சமமாக இருந்தால் அது இரண்டு முறை பதிந்திருக்கும் அல்லது பதியாமலே போயிருக்கும்.

## அறிகுறி: பின்பக்க முத்திரை மங்கல், பாதி, அல்லது இல்லவே இல்லை

முத்திரை அச்சிடும் மைக் கார்ட்ரிட்ஜ் காய்ந்திருக்கும். வெளியே எடுத்து, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியில் அச்சுமுனையைச் சில நொடி அழுத்தி வையுங்கள். துணியில் மைக்கோடு தெளிவாக விழுந்தால் கார்ட்ரிட்ஜ் நலம். செம்பு நிறத் தொடுமுனைகளையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். மைக்கோட்டில் இடைவெளி இருந்தால் புதிது வாங்குங்கள். மை இருந்தும் ஒன்றுமே அச்சாகவில்லை என்றால் மென்பொருளில் முத்திரை வசதி அணைந்திருக்கும், அல்லது வாசகம் வெறுமையாக இருக்கும். வார இறுதிக்கு முன் கார்ட்ரிட்ஜை எடுத்து மூடிபோட்டு வைக்கும் வழக்கம் இருந்தால் அது நெடுநாள் வரும்.

முத்திரை இல்லாமல் அனுப்பினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு காசோலையைப் பெற்றவர் அதைக் கைப்பேசியில் படமெடுத்து ஒரு வங்கியில் போட்டுவிட்டு, அசல் தாளை இன்னொரு வங்கியிலும் கொடுக்க முடியும். அமெரிக்காவில் 2018 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, படத்தை ஏற்ற வங்கி, தாளை ஏற்ற வங்கிக்கு நட்டத்தை ஈடுசெய்ய வேண்டியிருக்கும். தாளின் பின்பக்கத்தில் இது கைப்பேசி வழி வரவுக்கு மட்டும் என்பதுபோன்ற கட்டுப்பாட்டு வாசகம் ஏற்கெனவே இருந்தால், அதை மீறித் தாளை ஏற்ற வங்கி அந்த ஈட்டைக் கோர முடியாது. அந்த ஒரு வரி அவ்வளவு கனமானது.

## அறிகுறி: தொகுப்பு பாதியில் நின்றுவிட்டது, போனதா இல்லையா தெரியவில்லை

மின்சாரம் போயிற்று, இணையம் அறுந்தது, திரை உறைந்துவிட்டது. நாற்பது காசோலைகளில் எத்தனை போயின என்று தெரியவில்லை. கை தானாகவே கட்டை எடுத்து மறுபடி தட்டில் வைக்கும். அந்தக் கையை நிறுத்துங்கள். இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற கோளாறுகளில் பெரும்பாலானவை நேரத்தைத் தின்னும், இதுவோ ஒரே காசோலைக்கு இரண்டு முறை பணம் எடுக்கவைக்கும்.

முதலில் காசோலைகளை மூன்றாகப் பிரியுங்கள். வெளித்தட்டில் விழுந்தவை, உள்ளே நிற்பது, ஊட்டும் தட்டில் இருப்பவை. ஒன்றையும் கலக்காதீர்கள். பிறகு மென்பொருளைத் திறந்து தொகுப்பின் நிலையைப் பாருங்கள்.

திறந்த நிலையில் இருக்கிறது. இன்னும் வங்கிக்குப் போகவில்லை. கடைசியாகப் பதிந்த காசோலை எது என்று பட்டியலில் பார்த்து, வெளித்தட்டில் மேலே இருப்பதோடு ஒப்பிடுங்கள். உள்ளே நின்றது பதிந்திருக்கலாம், பதியாமலும் இருக்கலாம், அதன் எண்ணைத் தேடி உறுதி செய்த பிறகே தொடருங்கள்.

அனுப்பப்பட்டது என்று இருக்கிறது, ஏற்பு வரவில்லை. காத்திருங்கள். உங்கள் கணினி அனுப்பிவிட்டதாகச் சொல்வதும், வங்கி பெற்றுக்கொண்டதாகச் சொல்வதும் வேறு வேறு. வங்கியின் ஏற்புச் சீட்டு வந்தால்தான் கணக்கு முடிந்தது. வராவிட்டால் உதவி மையத்தைக் கூப்பிட்டுத் தொகுப்பு எண்ணையும் மொத்தத் தொகையையும் சொல்லிக் கேளுங்கள்.

தொகுப்பே காணவில்லை. உள்ளே நுழைந்தவரின் பெயர் மாறியிருக்கிறதா, தேதி வடிகட்டி சரியா என்று பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் மறுபடி ஸ்கேன் செய்யும் முன் வங்கியிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பின்பக்கத்தில் முத்திரை விழுந்திருப்பதால் காசோலை போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். முத்திரை விழுந்தால் அச்சுமுனையைத் தாண்டியது என்று மட்டுமே பொருள். மென்பொருள் தானாகவே இரட்டைப் பதிவைப் பிடித்துவிடும் என்றும் நம்பியிருக்க முடியாது. எம்ஐசிஆர் வரியை ஒருமுறை கருவி படித்து, அடுத்த முறை நீங்கள் கையால் திருத்தியிருந்தால் அதற்கு அவை இரண்டு வெவ்வேறு காசோலைகள்.

மாலையில் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்ற வசதியும் குறைந்துகொண்டே போகிறது. இந்தியாவில் 2025 அக்டோபர் 4 முதல் காசோலைகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து அனுப்பாமல் பகல் முழுவதும் தொடர்ச்சியாக அனுப்பும் முறை வந்திருக்கிறது. தவறாகப் போனதைத் தடுத்து நிறுத்தக் கிடைக்கும் நேரம் அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது.

## தொழில்நுட்பரை அழைக்கும்போது

யாரை அழைப்பது என்பதில்தான் பாதி நேரம் வீணாகிறது. சோதனை மென்பொருளிலும் கோளாறு வருகிறதென்றால் ஸ்கேனர் பழுதுபார்ப்பவர். சோதனை மென்பொருளில் சரியாக இருந்து வங்கிப் பக்கத்தில் மட்டும் கெட்டால் வங்கியின் உதவி மையம். இந்த ஒரு விவரத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டும் விளையாட்டுக்கு இடமிருக்காது.

கருவியின் வரிசை எண், டிரைவர் பதிப்பு, பிழை எண், கோளாறு எல்லாக் காசோலைகளிலுமா சிலவற்றிலா, எப்போது தொடங்கியது, எதையெல்லாம் ஏற்கெனவே செய்து பார்த்தீர்கள் என்பவற்றை எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். எம்ஐசிஆர் வரியின் மாதிரி கேட்டால் சோதனைக் கட்டிலிருந்து கொடுங்கள், வாடிக்கையாளரின் காசோலையைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பாதீர்கள். அதில் பெயர், கணக்கு எண், கையெழுத்து மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

ஸ்கேனரோடு கணினியையும் சேர்த்து அனுப்பச் சொன்னால், ஸ்கேன் செய்த படங்கள் எந்தக் கோப்புறையில் சேமிக்கப்பட்டிருக்கின்றன என்று கேட்டு அவற்றை நீக்கிவிட்டு அனுப்புங்கள். மாற்றுக் கருவி வந்தால், அது சில வங்கிகளின் அமைப்பில் வரிசை எண்ணைப் பதிவு செய்த பிறகே வேலை செய்யும். பெட்டியைப் பிரிக்கும்போதே அந்த எண்ணை வங்கிக்கு அனுப்பிவிடுங்கள். முதல் ஓட்டம் சோதனைக் கட்டுடன்.